பரிசல் துறைக்குப் போகும் வழி

போன மாதம் பேரன் தன் சிநேகிதர்களோடு பரளிக்காட்டுக்குக் கிளம்பினான். பில்லூர் அணைத் தேக்கத்தில் வனத்துறை நடத்துகிற பரிசல் சவாரி. கைப்பேசியிலேயே பணம் கட்டிவிட்டு, "தாத்தா, எப்படிப் போறதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றான். கோவை, காரமடை, வெள்ளியங்காடு, அத்திக்கடவு என்று வழி சொன்னேன். காலை பத்து மணிக்குத் துறையில் இருக்க வேண்டுமானால் சோமனூரில் விடிகாலையிலேயே புறப்பட வேண்டும். தண்ணீரில் இருக்கப்போவது ஒரு மணி நேரமோ என்னவோ, போக வர ஒரு பகல் போய்விடும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கனடா நாட்டுக் காடுகளில் மரப்பட்டைப் படகில் சரக்கு ஏற்றிப்போன பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி எங்கள் வாத்தியார் சொல்லுவார். ஓர் ஏரியிலிருந்து அடுத்த நீர்வழிக்குப் படகையும் மூட்டையையும் சுமந்தே நடப்பார்களாம். அந்தச் சுமைநடைக்குப் 'போர்த்தாஜ்' என்று பெயர். 'பெரிய போர்த்தாஜ்' என்ற இடத்தில் அது ஏறக்குறைய 14 கிலோமீட்டர். ஆளுக்கு இரண்டு மூட்டை, ஒவ்வொன்றும் 90 பவுண்டு. பத்து வயதில் நம்பாமல் சிரித்தோம். பிற்பாடு மாயாற்றங்கரையில் நின்றபோது அந்த வாத்தியாரை நினைத்துக்கொண்டேன்.

பவானிசாகரில் அணையைப் பார்த்துவிட்டு மீன் வறுவல் தின்று திரும்பாதவர் நம்மில் குறைவு. அந்தத் தண்ணீருக்கடியில் டணாயக்கன் கோட்டை இருக்கிறது. போசளரின் தண்டநாயகர் பெயரால் வந்த கோட்டை. பவானியும் மாயாறும் கூடுகிற இடம் அது. மைசூர்ச் சீமையிலிருந்து கஜலஹட்டிக் கணவாய் வழியாக இறங்குகிறவர்கள் அந்தப் பக்கம்தான் வந்து சேர்வார்கள். 1790-ல் திப்புவின் படை இறங்கியதும் அந்தக் கணவாய் வழியேதான்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. நீலகிரிக்கு பிரிட்டிஷ்காரர்கள் முதலில் ஏறிய வழிக்கும் டணாயக்கன் கோட்டைதான் புறப்படும் இடம். 1800-ல் புக்கானன் அங்கிருந்துதான் மலைப்பக்கம் ஏறிப் பார்த்தார். 1812-ல் கீஸ் என்ற சர்வேயர் போனார். 1819 ஜனவரியில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் அங்கிருந்து கிளம்பிக் கோத்தகிரிப் பக்கம் திம்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தார். அதே வருஷம் எங்கள் புதுச்சேரியில் இருந்த லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலர் நீலகிரிக்கு வந்து உடம்பு தேறினார். 1820-களில் சிறுமுகைப் பக்கமிருந்து கோத்தகிரிக்குப் பாதை போட்டார்கள். பழைய வழி மங்கிப்போயிற்று. 1948-ல் தொடங்கி 1955-ல் அணை முடிந்ததும் கோட்டையும் முழுகிவிட்டது. தண்ணீர் நன்றாக வற்றுகிற கோடையில் மாதவப் பெருமாள் கோயில் தலை காட்டும்.

அணை வேலை தொடங்கிய அதே 1948-ல், மேலே மாயாற்றின் அக்கரையில் அரசாங்கமே ஓர் ஊரை உண்டாக்கியது. நாட்டில் சோற்றுப் பஞ்சம். காட்டு நிலத்தைக் கூட்டுறவு விவசாயச் சங்கத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். முதலில் 100 ஏக்கர், பின்னால் 500 வரை. அதுதான் தெங்குமரஹாடா. நெல், மஞ்சள், வாழை, மிளகாய் எல்லாம் விளைகிற மண். விளைந்ததை வெளியே கொண்டுவர வழி மட்டும் இல்லை. பவானிசாகரைத் தாண்டிக் காராச்சிக்கொரை சோதனைச் சாவடியிலிருந்து காட்டுப் பாதையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். பஸ் இக்கரையோடு நின்றுவிடும். அப்புறம் பரிசல்.

குமாஸ்தா கண்ணுக்குப் பட்ட வேடிக்கை வேறு. ஊர் நீலகிரி மாவட்டம், கோத்தகிரி தாலுகா. தாசில்தாரைப் பார்க்க வேண்டுமானால் ஆற்றைக் கடந்து, ஈரோடு மாவட்டத்துக்குள் வந்து, கோவை மாவட்டத்து மேட்டுப்பாளையம் போய், மலையேற வேண்டும். ஒரு சாதிச் சான்றிதழுக்கு மூன்று மாவட்டம்!

1986 ஐப்பசியில் ஓர் ஆபீஸ் வேலையாக நானும் ஒரு மூத்த உதவியாளரும் போனோம். புளியம்பட்டி வழியாகப் பவானிசாகர் போய் பஸ் ஏறினோம். காட்டுக்குள் யானைக் கூட்டத்துக்காக இரண்டு தடவை நின்றது. இரண்டு மணி நேரம் கழித்துத் துறைக்கு வந்தால் ஆறு செக்கச்செவேல் என்று போகிறது. மேலே மழை. பைக்காராப் பக்கம் அணை திறந்தாலும் இப்படித்தான் ஏறுமாம். பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். மூங்கில் பிளாச்சுப் பின்னல், மேலே தார் பூச்சு.

"இன்னைக்கு ஆவாதுங்க. நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்றார் பரிசல்காரர்.

எங்களோடு பஸ்ஸில் ஒரு பெண் வந்திருந்தாள். சத்தி ஆஸ்பத்திரியில் பிரசவம் முடிந்து பத்து நாள் பிள்ளையோடு வீடு திரும்புகிறாள். கூட அவள் அம்மா. அக்கரையில் அவள் புருஷன் நின்று கையை ஆட்டுகிறான். கூப்பிட்டால் கேட்காத இரைச்சல். அவள் மருத மரத்தடியில் பிள்ளையைத் தூக்கிப்பிடித்துக் காட்டினாள். பிறகு எல்லோரும் அதே பஸ்ஸில் திரும்பினோம். "இது எங்களுக்குப் பழக்கமுங்கண்ணா" என்று அந்த அம்மா எனக்குச் சமாதானம் சொன்னார்!

எனக்கும் ஒரு தண்டனை உண்டு. போய்ச் சேராத ஊருக்குப் பயணப்படி ஏது என்று பில்லைத் திருப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி போனேன். ஐந்தே நிமிஷத்தில் அக்கரை. தாயும் பிள்ளையும் எப்போது கடந்தார்கள் என்று பரிசல்காரரைக் கேட்டேன். "மூணாம் நாளுங்க" என்றார்.

பாலம் வேண்டும் என்று அந்த மக்கள் கேட்காத அதிகாரி இல்லை. பாலம் வரவில்லை. 2013-ல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் வந்தது. பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டுகிற பள்ளத்தாக்கு அது. பாலம் போட்டிருந்தால் பின்னோடு விடுதிகளும் கார்களும் போயிருக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை. இப்போது வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், ஏறத்தாழ 500 குடும்பங்களை, குடும்பத்துக்கு 15 லட்சம் கொடுத்து வெளியேற்றும் ஏற்பாடு. போகிறேன் என்பவர்களும் உண்டு, மாட்டேன் என்பவர்களும் உண்டு. சோறு விளைவியுங்கள் என்று அரசாங்கம் கூட்டிப்போன ஜனங்கள். எழுபத்தைந்து வருஷம் பரிசலிலேயே வந்து போனவர்களுக்குப் பதினைந்து லட்சம் என்று எந்தக் கணக்கில் வந்ததோ, முப்பது வருஷம் கோப்பு பார்த்த எனக்குப் பிடிபடவில்லை. அன்றைய பத்து நாள் பிள்ளைக்கு இப்போது நாற்பது வயது ஆகப்போகிறது.

பேரன் அன்று இரவு எட்டு மணிக்கு வந்தான். பரிசல் எப்படியிருந்தது என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு தாத்தா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு, வழியில் ஒற்றை யானைக்காகக் கார் இருபது நிமிஷம் நின்ற கதையைத் தூங்கப்போகும் வரை சொல்லிக்கொண்டிருந்தான்.