திரெபாலியும்: வதைக்கருவியா, லாடச் சட்டமா?

பிரெஞ்சில் திராவாய், ஸ்பானியத்தில் திரபாஹோ, போர்ச்சுகீசியத்தில் திரபால்யு, கத்தலானில் திரெபால். நான்குக்கும் இன்று 'வேலை' என்பதே பொருள். மூன்று, கழி என்னும் இரண்டு இலத்தீன் சொற்கள் கூடிய 'திரிபாலியும்' என்ற வதைக்கருவியிலிருந்து இவை வந்தன என்பது அகராதிகளில் நிலைபெற்றுவிட்ட கருத்து. உழைப்பே சித்திரவதை என்று மேடையில் முழங்குவோருக்கும் இது தோதாகப் போயிற்று.

இக்கருத்துக்கு வழிவகுத்தவர் மொழியறிஞர் பவுல் மெயர். 1888இல் 'ரொமானியா' இதழில் இதை எழுதினார். அவருக்கு முன் மொழியறிஞர் டீட்ஸ், உத்தரத்தைக் குறிக்கும் 'திராப்ஸ்' என்பதையே வேராகக் கொண்டிருந்தார். ஒலி வகையில் மெயர் பக்கமே நியாயம். கத்தலானிலும் ஒக்சிதானிலும் பழைய ஸ்பானியத்திலும் முதலசையில் எகரம் இருக்கிறது. அதற்குத் திராப்ஸில் இடமில்லை. இடையிலுள்ள வல்லொலி பிரெஞ்சில் வகரமாக மெலிவதும் வழக்கமானதே.

மெயரோடு நான் முரண்படுவது பொருள் வகையில். கருவியிலிருந்து 'வதைத்தல்' என்னும் வினை, அதிலிருந்து துன்பம், அதிலிருந்து வேலை என்று படி அமைக்கிறார்கள். அந்த வினை இலத்தீன் ஏடு எதிலும் காணப்படவில்லை. உடுக்குறி இட்டு மீட்டமைத்த வடிவம் அது. பெயர்ச்சொல்லுக்கு உள்ள தலையாய சான்று, ஒசேர் நகரத் திருச்சபை மன்றத்தின் 33ஆம் விதி. குற்றஞ்சாட்டப்பட்டோர் வதைக்கப்படும் திரெபாலியுமருகே குருவோ திருத்தொண்டரோ நிற்கலாகாது என்கிறது அது. ஏட்டில் உள்ள வடிவம் 'திரி' அல்ல, 'திரெ' என்பதையும் கருத வேண்டும்.

'குற்றஞ்சாட்டப்பட்டோர் வதைக்கப்படும்' என்னும் அடை எதற்கு? சொல்லுக்கே வதைக்கருவி என்று பொருளிருந்தால் அடை மிகை. வேறு வகைத் திரெபாலியும்களும் ஊரில் இருந்தன, அவற்றிலிருந்து இதைப் பிரித்துக்காட்டவே அடை வந்தது என்பது என் வாசிப்பு. அடுத்த விதி துணை நிற்கிறது: ஒருவரை மரணத்துக்கு ஒப்புவிக்கும் தீர்ப்பவையில் குரு அமரலாகாது. எல்லாத் தீர்ப்பவைகளையும் அது விலக்கவில்லை. ஆனால் அங்கே 'அந்த' என்னும் சுட்டு உண்டு, 33இல் இல்லை. அடையை வெறும் விளக்கமாகக் கொள்வோருக்கு இந்த இடைவெளி போதும் என்பதை மறைப்பதற்கில்லை.

வேறு வகை எது? முரட்டுக் குதிரையையும் மாட்டையும் நிறுத்திக் கட்டி லாடம் அடிக்கும் மரச்சட்டத்துக்குப் பிரெஞ்சில் இன்றும் திராவாய் என்றே பெயர். தடித்த கம்பங்கள், குறுக்குக் கட்டைகள், வயிற்றுக்கடியில் வார். இலக்கணமும் இதைத் தனியே வைத்திருக்கிறது: வேலைக்குப் பன்மை 'திராவோ', சட்டத்துக்கு 'திராவாய்'தான். விலங்கைக் கட்டிய சட்டத்திலேயே மனிதனையும் கட்டினார்கள் என்றால், வதை அச்சட்டத்தின் பயன்களுள் ஒன்று மட்டுமே. நெருக்குண்டு திமிறும் அவதியே துன்பப் பொருளுக்கு அடி. ஆங்கிலத்தில் இதே சட்டம் 'திரேவ்'. ஆங்கிலக் கவிஞர் சாசரின் ஆலைக்காரன் கதையில் இளங்குதிரை துள்ளுவது அதற்குள்தான். அச்சொல்லோ திராப்ஸின் வழி வந்தது. டீட்ஸ் முழுக்கத் தவறவில்லை. இரு குடும்பச் சொற்கள் ஒரே பொருளின்மேல் வந்து மோதியிருக்கின்றன.

துன்பம் வேலையாவதற்கு வதைக்கூடம் தேவையே இல்லை. ஜெர்மானிய 'ஆர்பைட்' முன்பு இடர்ப்பாட்டைக் குறித்தது. ரஷ்ய 'ரபோத்தா' அடிமையைக் குறிக்கும் 'ராப்' என்பதோடு உறவுடையது. பிரெஞ்சில் வேலைப் பொருள் ஓங்கியதற்குக் காரணமும் வேறு. வேலைசெய்தலைக் குறித்த பழைய 'ஊவ்ரே', திறத்தலைக் குறித்த 'ஊவ்ரீர்' என்பதோடு பல வடிவங்களில் ஒலியால் குழம்பித் தேய்ந்தது. 'லபூரே' உழவோடு சுருங்கியது. காலியான இடத்தில் திராவாயே வந்து அமர்ந்தது.

காலந்தான் கைக்கு அகப்படவில்லை. ஒசேர் மன்றம் ஆயர் அவுனக்கார் காலத்தது என்பதால் 561க்கும் 605க்கும் இடைப்பட்டது. 578 என்பாரும் 585 என்பாரும் உளர். லாடச் சட்டப் பொருளுக்கான பிரெஞ்சுச் சான்றுகளோ அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. ஆறாம் நூற்றாண்டுக் காலியாவில் ஒரு கொல்லன் இச்சொல்லை வழங்கினான் என்பதற்கு, 33ஆம் விதியின் அந்த அடையைத் தவிர வேறு பிடி என்னிடம் இல்லை.