கிளச்சை இரண்டு தரம் மிதித்த தலைமுறை



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கட ஊர்களில் வரலாறு என்று எழுத உட்கார்ந்தால் பள்ளிவாசல் கட்டிய கதை, பாடசாலை தொடங்கிய கதை, எம்.பி.மாரின் கதை என்று நின்றுவிடுகிறோம். ஜீப் ஓட்டியவர்களின் கதை அதில் வருவதில்லை. ஆனால் மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரைக்கும், எழுபது வயதைத் தாண்டிய சாரதிமார் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். "காக்கா, அந்தக் காலத்து ஜீப்புக்கு எப்படி கியர் மாத்துவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வாய் பேசுவதற்கு முன் காலும் கையும் அசையும். "டபள் கிளச் அடிக்கணும் தம்பி" என்பார்கள்.

ஒரு கியருக்கு ஏன் இரண்டு தரம் கிளச் மிதித்தார்கள்? இந்தச் சின்னக் கேள்விக்குள் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. எங்கட மாவட்டத்தின் வரலாறும் அதில் கொஞ்சம் இருக்கிறது.

ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறுகிறவரைப் பார்த்திருப்போம். அவர் முதலில் பஸ்ஸோடு சேர்ந்து ஓடுகிறார். இரண்டு வேகமும் ஒன்றாகும் நேரத்தில்தான் கால் வைக்கிறார். நின்ற இடத்தில் நின்றுகொண்டு கையைப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். கியர் மாற்றுவதும் இதுதான். ஒன்றோடொன்று சேர வேண்டிய இரண்டு பாகங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். வேகம் ஒத்துப்போனால் வெண்ணெய்க்குள் கத்தி இறங்குவது போல விழும். ஒத்துப்போகாவிட்டால் பல் பல்லை அரைக்கும்.

வகுப்பில் படிப்பிக்கிற மாதிரி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கியர் பொக்ஸிலிருந்து வெளியே போகும் தண்டு நிமிடத்துக்கு 1000 தரம் சுற்றுகிறது என்று வைப்போம. மூன்றாம் கியரின் விகிதம் 1.5 என்றால் எஞ்சின் 1500 தரம் சுற்றும். இரண்டாம் கியரின் விகிதம் 2.25 என்றால், அதே வேகத்தில் வண்டி ஓட எஞ்சின் 2250 தரம் சுற்ற வேண்டும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது அந்த 750 சுற்று வித்தியாசத்தை யாரோ நிரப்ப வேண்டும். அதை நிரப்புவது யார் என்பதுதான் இந்த வரலாறு.

1890களில் பிரான்ஸில் எமில் லெவாசோர் என்ற பொறியியலாளர், பற்சக்கரங்களைத் தள்ளித் தள்ளி ஒன்றோடொன்று கோர்க்கும் கியர் முறையை மோட்டார் வண்டிக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு முப்பது வருடங்களுக்கு மேலாக, உலகம் முழுக்க அந்த வித்தியாசத்தை நிரப்பியது சாரதியின் காலும் காதும்தான்.

வேலை இப்படி நடக்கும். கிளச்சை மிதித்து கியரை நியூட்ரலுக்கு எடுக்க வேண்டும். அங்கே கிளச்சை விட வேண்டும். இப்போது எஞ்சினும் கியர் பொக்ஸின் உள்தண்டும் சேர்ந்து சுற்றும். எக்ஸிலேட்டரை அளவாக ஒரு தட்டுத் தட்டினால் இரண்டுக்கும் சுற்று கூடும். உடனே மறுபடி கிளச்சை மிதித்து, கீழ்க் கியரில் போட்டு, விட வேண்டும். மேல் கியருக்குப் போகும்போது தட்டுத் தேவையில்லை. நியூட்ரலில் கொஞ்சம் பொறுத்தால் எஞ்சின் சுற்றுத் தானாக இறங்கும். எவ்வளவு தட்டுவது, எவ்வளவு பொறுப்பது என்பதைச் சொல்ல எந்த மீற்றரும் இல்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே பிடிக்க வேண்டும்.

1928இல் அமெரிக்காவின் கெடிலாக் கார்களில் ஒரு மாற்றம் வந்தது. ஏர்ல் தொம்சன் என்பவர் கண்டுபிடித்த சின்க்ரோமெஷ் என்ற அமைப்பு அது. பற்கள் சேர்வதற்கு முன் கூம்பு வடிவப் பரப்புகள் இரண்டு ஒன்றோடொன்று உரசி, வேகத்தை ஒன்றாக்கிவிடும். இன்றைய வண்டிகளில் அந்த வேலையைச் செய்வது ஒரு பித்தளை வளையம். எங்கட மெக்கானிக்மார் கியர் பொக்ஸைக் கழற்றினால் தேய்ந்துபோன அந்த வளையத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். சாரதியின் காது செய்த வேலையை அந்த வளையம் எடுத்துக்கொண்டது.

ஆனால் ஒரே நாளில் முழுவதையும் எடுத்துக்கொள்ளவில்லை. காட்டிலும் சேற்றிலும் ஓடுவதற்கென்று செய்த வண்டிகளுக்கு அது அரைகுறையாகத்தான் வந்தது.

1940இல் அமெரிக்க இராணுவம் சிறிய நான்கு சக்கர இழுவை வண்டி கேட்டபோது பான்டம் என்ற சின்னக் கம்பனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் யுத்தம் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் அதிகமான ஜீப்களைச் செய்து தள்ளின. அந்த ஜீப்பில் மூன்று முன் கியர்கள். இரண்டிலும் மூன்றிலும் சின்க்ரோமெஷ் இருந்தது. முதலாம் கியரில் இல்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு லீவர்கள். ஒன்று முன் சக்கரங்களுக்கு, மற்றது ஹை, லோ மாற்றுவதற்கு. லோவில் போட்டால் இழுவைச் சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்காகும், வேகம் பாதியாகும்.

யுத்தத்துக்குப் பிறகு ஜீப் எங்கட பக்கத்து நாட்டிலும் வேர்விட்டது. 1945இல் மஹிந்திரா அன்ட் முகம்மது என்ற பெயரில் தொடங்கிய கம்பனி 1947இல் வில்லிஸ் ஜீப்களைப் பூட்ட ஆரம்பித்தது. அந்த முகம்மது, பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகவும் பின்னர் ஆளுநர் நாயகமாகவும் இருந்த மாலிக் குலாம் முகம்மது. அவர் போன பிறகு கம்பனி மஹிந்திரா அன்ட் மஹிந்திரா ஆனது.

இங்கிலாந்தில் ரோவர் கம்பனியின் மொரிஸ் வில்க்ஸ், தன் தோட்டத்தில் ஓடிய பழைய வில்லிஸ் ஜீப்பைப் பார்த்து ஒரு வண்டியை யோசித்தார். 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த லேண்ட் ரோவர் அதுதான். நான்கு கியர்களில் மேலே உள்ள மூன்றுக்கும் நான்குக்கும் மட்டும் சின்க்ரோமெஷ். முதலாம், இரண்டாம் கியர்களுக்குச் சாரதியே பொறுப்பு.

அடுத்த வருடம், 1949இல், எங்கட மேற்குப் பக்கத்தில் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. அப்போது அம்பாறை தனி மாவட்டமும் இல்லை. 1961வரை நாம் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி. கரையோரத்தில் ஊர்கள், அதற்கப்பால் வயல் வட்டைகள், அதற்கும் அப்பால் காடு. இங்கினியாகலையில் அணை எழும்பி சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பிய அந்தக் காலத்தில், மாரி மழைக்குப் பிறகு இந்தப் பக்கத்துக் கிறவல் பாதைகளிலும் வண்டில் பாதைகளிலும் ஒரு ஜீப்பைக் கொண்டு போவதென்றால் அது ஒரு வித்தை.

ஏன் வித்தை என்று சொல்கிறோம்? வில்லிஸ் ஜீப் சேற்றுக்குள் இரண்டாம் கியரில் போகிறது. சேறு ஆழமாகிறது. எஞ்சின் திணறுகிறது. முதலாம் கியருக்கு இறங்க வேண்டும், ஆனால் அதில் சின்க்ரோமெஷ் இல்லை. நிறுத்திப் போட்டால் வண்டி புதைந்துவிடும். ஓட்டத்திலேயே போடுவதென்றால் இரண்டு மிதி, ஒரு தட்டு, எல்லாம் ஒரு மூச்சுக்குள் முடிய வேண்டும். தப்பினால் பல் உடையும், அல்லது வண்டி நிற்கும். பின்னால் பிரசவ வலியோடு ஒரு தாய் இருந்தால் அந்த ஒரு மூச்சின் பெறுமதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். கியர் சத்தமில்லாமல் விழுந்ததா என்பது அங்கே சாரதியின் கெட்டித்தனத்தைக் காட்டும் விஷயம் மட்டுமல்ல.

லேண்ட் ரோவரின் எல்லா முன் கியர்களுக்கும் சின்க்ரோமெஷ் வந்தது 1971இல், மூன்றாம் வரிசை வண்டிகளில்தான். 1948இலிருந்து எண்ணினால் 23 வருடங்கள். 1977இல் பொருளாதாரம் திறந்த பிறகு ஜப்பான் வண்டிகள் வந்து குவிந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு நிறுவனங்களின் வெள்ளை லேண்ட் குரூசர்கள் எங்கட வீதிகளை நிறைத்தன. எங்கட இளைஞர்கள் பலர் அவற்றுக்குச் சாரதிகளாகப் போனார்கள். இப்போது டபள் கெப், அதிலும் ஓட்டோ கியர். டபள் கிளச் என்ற சொல்லே பிள்ளைகளுக்குத் தெரியாது.

அதனால் என்ன, மெஷின் செய்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் மெஷின் முழுவதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறோம். அந்தத் தலைமுறை அறிந்து வைத்திருந்தவற்றில் சில, இன்றைக்கும் கியர் லீவர் உள்ள எந்த நான்கு சக்கர இழுவை வண்டிக்கும் பொருந்தும்.

பித்தளை வளையத்துக்கும் நேரம் வேண்டும். லீவரை அடித்துத் தள்ளாமல், நியூட்ரலில் ஒரு கணம் பொறுத்து, மெல்ல அழுத்திப் பிடித்தால் அது தானாக உள்ளே போகும். அடித்துத் தள்ளுகிறவர் ஒவ்வொரு தரமும் வளையத்தைத் தேய்க்கிறார்.

மணலிலும் சேற்றிலும் கியரை உள்ளே போய் மாற்றக் கூடாது. கிளச் மிதித்த கணத்தில் இழுவை அறுந்துவிடும், மண் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கரையிலேயே நிறுத்தி, பாதையைப் பார்த்து, கியரைத் தெரிவு செய்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். லோவில் போடுவதையும் வண்டியை நிறுத்திவிட்டே செய்ய வேண்டும். ஓடும்போது ஹையிலிருந்து லோவுக்கு இழுத்தால் அந்த வேக வித்தியாசத்தை எந்த வளையமும் தாங்காது.

பள்ளத்தில் இறங்குவதற்கு முன்பே லோவில் முதலாம் கியரைப் போட்டு, கிளச்சிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். அரைக் கிளச்சில் ஏறுகிறவர் கிளச் பிளேட்டை எரிக்கிறார்.

இன்னொன்று. நடு டிபரன்ஷல் இல்லாத வண்டியை நான்கு சக்கர இழுவையில் போட்டுக் கார்ப்பட் வீதியில் ஓட்டினால், முன்னும் பின்னும் இழுபட்டு, லீவர் கழற்ற முடியாமல் இறுகிவிடும். அதோடு மல்லுக்கட்டாமல் சில அடி பின்னுக்கு எடுத்தால் இறுக்கம் தளர்ந்து லீவர் வந்துவிடும்.

கடைசியாக, தண்ணீர். தேங்கி நிற்கும் ஆழமில்லாத தண்ணீரில் லோ கியரில், ஒரே சீராக, கிளச்சைத் தொடாமல் போக வேண்டும் என்பார்கள். ஆனால் ஓடுகிற வெள்ளத்துக்கு எந்தக் கியரும் இல்லை. 2024 நவம்பரில் காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு மெஷினை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை நாம் மறக்கவில்லை, மறக்கவும் முடியாது. அல்லாஹ் அந்தப் பிள்ளைகளைப் பொருந்திக்கொள்வானாக. பெரிய டயர், உயரமான வண்டி, போர் வீல் என்ற தைரியத்தில் யாரும் ஓடும் நீரில் இறங்க வேண்டாம். எந்த இடத்தில் லோ போடுவது என்பதைப் போலவே, எந்த இடத்தில் வண்டியைத் திருப்புவது என்பதும் சாரதி தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இவ்வளவும் சொன்னது ஒரு வேண்டுகோளுக்காக. லெவாசோரையும் தொம்சனையும் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. எங்கட பாதைகளில் அந்த இயந்திரங்களைக் காதால் கேட்டு ஓட்டியவர்களைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. உங்கட குடும்பத்தில் வாப்பாவோ மூத்தப்பாவோ மாமாவோ ஜீப், லேண்ட் ரோவர், பழைய லொறி ஓட்டியவராக இருந்தால், இந்தக் கிழமையே பக்கத்தில் போய் இருங்கள். எந்த வருடம், என்ன வண்டி, எந்தப் பாதை, யாரிடம் பழகினார், எந்த மழையில் எங்கே புதைந்தார், எப்படி எடுத்தார் என்று கேளுங்கள். போனில் குரலைப் பதியுங்கள். ஒரு கொப்பியில் பெயரும் ஊரும் திகதியும் போட்டு எழுதி வையுங்கள். எங்கட மாணவர்களுக்கும் இதை ஒரு வேலையாகக் கொடுக்க நினைத்திருக்கிறோம்.

முடிந்தால் டபள் கிளச் அடிக்கும் சத்தத்தையும் வாயால் செய்து காட்டச் சொல்லுங்கள். செய்து காட்டுவார்கள்.