படம் வருது, ஆனா கேமரா திரும்பலையா? மோட்டாரைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

அபார்ட்மென்ட் கேட்டில் புதிதாகச் சுழலும் கேமரா மாட்டியாகிவிட்டது. மானிட்டரில் படம் பளிச்சென்று வருகிறது. ஆனால் இடது பக்கம் திருப்ப பட்டனை அழுத்தினால் கேமரா அசையவே இல்லை. ஏணியில் இருந்து இறங்கும் டெக்னீஷியன், "மோட்டார் போயிடுச்சு சார், கேமராவை மாத்தணும்" என்கிறார்.

உடனே தலையாட்டிவிட வேண்டாம். படம் வருவது வேறு, கேமரா திரும்புவது வேறு. இரண்டுக்கும் தேவைப்படும் மின்சாரம் வேறு. பல இடங்களில் வயரும் வேறு. மின்சாரம், வயர், செட்டிங் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகுதான் மோட்டார் மீது சந்தேகப்பட வேண்டும். அந்த வரிசையில் எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம்.

பிடிஇசட் கேமரா எப்படி வேலை செய்கிறது?

இடம் வலமாகத் திரும்புவது பேன், மேலும் கீழும் சாய்வது டில்ட், தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுவது ஜூம். மூன்றின் முதல் எழுத்துகளும் சேர்ந்ததுதான் பிடிஇசட். இந்த அசைவுகளுக்கெல்லாம் உள்ளே சின்ன மோட்டார்கள் இருக்கின்றன.

"திரும்பு" என்ற கட்டளை கேமராவுக்குப் போக மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஆர்எஸ்-485 எனப்படும் தனி இரட்டை வயர். இரண்டு, படம் வரும் அதே கோஆக்ஸ் கேபிள். மூன்று, நெட்வொர்க் கேபிள் அல்லது வைஃபை. உங்கள் கேமரா இதில் எந்த வகை என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை: ஆன் பண்ணும்போது அசையுதா?

கேமராவின் மின்சாரத்தை நிறுத்தி, சில விநாடிகள் கழித்து மீண்டும் கொடுங்கள். பெரும்பாலான பிடிஇசட் கேமராக்கள் ஆன் ஆனதும் தாங்களாகவே ஒரு சுற்று திரும்பி, மேலும் கீழும் சாய்ந்து, தங்களைச் சோதித்துக்கொள்ளும். இந்த ஒரு நிமிடத்தில் பாதி விடை கிடைத்துவிடும்.

* முழுச் சுற்றும் ஒழுங்காக முடிந்தால், மோட்டாரும் பற்சக்கரமும் நலம். கட்டளைதான் கேமராவுக்குப் போய்ச் சேரவில்லை.
* கொஞ்சம் திரும்பி, நின்று, மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தால், மின்சாரம் போதவில்லை என்று சந்தேகப்படலாம்.
* அசையவே இல்லை என்றால், பேக்கிங்கில் வைத்த டேப்பையோ நுரைத் துண்டையோ எடுக்காமல் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.
* பட்டனை அழுத்தும்போது ஜூம் மட்டும் வேலை செய்தால், கட்டளை போய்ச் சேருகிறது என்று அர்த்தம். அப்போதுதான் திருப்பும் மோட்டார் மீது சந்தேகம் நியாயமானது.

கேமரா ஆனில் இருக்கும்போது கையால் திருப்பிப் பார்க்காதீர்கள். பற்சக்கரம் உடையலாம்.

மின்சாரம் போதுமா?

படம் காட்ட மட்டும் கொஞ்சம் மின்சாரம் போதும். மோட்டார் சுற்றும்போதும், இருட்டில் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும்போதும் தேவை கூடிவிடும். "பகல்ல நல்லா இருக்கு, ராத்திரி திருப்பினா ரீஸ்டார்ட் ஆகுது" என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. 12 வோல்ட் அடாப்டரில் இருந்து கேமரா 30 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. 2 ஆம்பியர் இழுக்கிறது. 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால், போக வர 60 மீட்டரில் சுமார் 4 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். கேமராவுக்குக் கிடைப்பது 8 வோல்ட்தான். அதே தூரத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு பாதியாகும். அதனால் மல்டிமீட்டரை அடாப்டர் பக்கம் வைத்துப் பார்த்தால் போதாது. கேமரா முனையில், கேமரா திரும்ப முயலும் நேரத்தில் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள்.

நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் கொடுக்கும் பிஓஇ முறையிலும் இதே சிக்கல் உண்டு. 802.3ஏஎஃப் வகை சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், 802.3ஏடி வகை 30 வாட் தரும். 25 வாட் கேட்கும் கேமராவை ஏஎஃப் சுவிட்சில் செருகினால், படம் வந்தாலும் மோட்டார் மக்கர் பண்ணும். கேபிள் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. செம்பு பூசிய அலுமினிய கேபிள் விலை மலிவு, ஆனால் மின்தடை அதிகம். "முழுச் செம்பா?" என்று கேட்டு வாங்குங்கள்.

ஆர்எஸ்-485: வயர் மாறிப்போச்சா?

இதில் ஏ, பி என்று இரண்டு வயர்கள். கன்ட்ரோலரின் ஏ கேமராவின் ஏ-க்கும், பி பி-க்கும் போக வேண்டும். எது ஏ, எது பி என்று குறிப்பதில் எல்லா கம்பெனிகளும் ஒரே மாதிரி இல்லை. பெயர் சரியாக இருந்தும் கேமரா அசையவில்லை என்றால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

பல கேமராக்கள் இருந்தால் வயர் ஒன்றில் இருந்து அடுத்ததற்கு எனச் சங்கிலி போலப் போக வேண்டும். ஒரே இடத்தில் இருந்து நட்சத்திரம் போலப் பிரிந்தால் சிக்னல் குழம்பும். நீளமான வயரின் இரண்டு கடைசி முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஆஃப் செய்து ஏ-க்கும் பி-க்கும் நடுவே அளந்தால் சுமார் 60 ஓம் காட்டினால் சரி. 120-ஐ ஒட்டிக் காட்டினால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை, அல்லது வழியில் வயர் அறுந்திருக்கிறது.

விலாசம், மொழி, வேகம்: மூன்றும் பொருந்துதா?

வயர் சரி, ஆனாலும் அசையவில்லை என்றால் கேமராவிலும் டிவிஆரிலும் மூன்று செட்டிங்குகளை ஒப்பிடுங்கள்.

விலாசம்: ஒவ்வொரு கேமராவுக்கும் ஓர் எண் உண்டு. பல மாடல்களில் இதை டிப் சுவிட்ச் எனும் குட்டி சுவிட்சுகளால் வைப்பார்கள். அவற்றின் மதிப்பு 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாகும். முதலாவதும் மூன்றாவதும் ஆன் என்றால் 1+4, அதாவது விலாசம் 5. இரண்டு கேமராவுக்கு ஒரே விலாசம் இருந்தால் இரண்டும் சேர்ந்து திரும்பும்.

மொழி: பெல்கோ-டி, பெல்கோ-பி போன்ற புரோட்டோகால்கள். ஒன்று டி-யிலும் மற்றொன்று பி-யிலும் இருந்தால் கேமராவுக்கு ஒன்றும் புரியாது.

வேகம்: பாட் ரேட். 2400, 4800, 9600 ஆகியவை வழக்கமானவை. இரு பக்கமும் ஒரே எண் இருக்க வேண்டும்.

கோஆக்ஸ் வழியாகக் கட்டளை போகும் கேமரா என்றால், டிவிஆரின் பிடிஇசட் மெனுவில் ஆர்எஸ்-485-க்குப் பதிலாகக் கோஆக்ஸ் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஐபி கேமரா என்றால்?

லேப்டாப்பில் கேமராவின் ஐபி முகவரியை பிரவுசரில் திறந்து, அங்கிருந்து திருப்பிப் பாருங்கள். அங்கே திரும்பி, என்விஆரில் மட்டும் திரும்பவில்லை என்றால் கேமரா மேல் குற்றமில்லை.

அப்போது என்விஆரில் கேமராவை எந்த முறையில் சேர்த்தார்கள் என்று பாருங்கள். ஆர்டிஎஸ்பி முறை படத்தை மட்டும்தான் கொண்டுவரும். திருப்பும் கட்டளை அதில் போகாது. வேறு வேறு கம்பெனிக் கருவிகள் பேசிக்கொள்ள ஆன்விஃப் முறையில் சேர்க்க வேண்டும். 2008-ல் ஆக்சிஸ், பாஷ், சோனி கம்பெனிகள் சேர்ந்து தொடங்கிய பொதுத் தரம் இது. சில கேமராக்களில் ஆன்விஃபுக்குத் தனி யூசர் உருவாக்க வேண்டும். அந்த யூசருக்குப் பார்க்க மட்டும் அனுமதி இருந்தால் படம் வரும், திருப்ப முடியாது. கேமரா, என்விஆர் இரண்டின் கடிகாரமும் ஒரே நேரம் காட்டாவிட்டாலும் லாகின் மறுக்கப்படலாம்.

திரும்புது, ஆனா தப்பாத் திரும்புது

வலது பட்டனுக்கு இடது பக்கம் போனால், கேமரா தலைகீழாக மாட்டப்பட்டு, மெனுவில் ஃப்ளிப் செட்டிங் மாற்றப்படாமல் இருக்கலாம். பதிவு செய்த இடத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றால், ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு அந்த இடங்களை மறுபடி பதிவு செய்யுங்கள்.

மீதிப் பணம் கொடுக்கும் முன்

திரும்பாத பிடிஇசட் கேமரா, அதிக விலை கொடுத்து வாங்கிய சாதாரண கேமராதான். அதைவிட ஆபத்து, "கேமரா இருக்கே" என்ற நம்பிக்கையில் பார்க்கிங் பக்கம் யாரும் கவனிக்காமல் விடுவது. அதனால் டெக்னீஷியன் அங்கே இருக்கும்போதே எல்லாத் திசையிலும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். இருட்டிய பிறகு விளக்கு எரியும்போது மறுபடி ஒருமுறை பாருங்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் பார்வையில் வந்தால், மெனுவில் பிரைவசி மாஸ்க் போட்டு மறைக்கச் சொல்லுங்கள். விலாசம், புரோட்டோகால், பாட் ரேட், ஐபி முகவரி ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வேறு ஒருவர் வந்தாலும் அந்தத் தாள் உதவும்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஆன் செய்யும்போது அசைவே இல்லை, கேமரா முனையில் வோல்டேஜும் சரியாக இருக்கிறது என்றால், மோட்டார் அல்லது உள்ளே இருக்கும் போர்டு கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் திறந்து நோண்ட வேண்டாம். வாரன்டி இருக்கும்போதே மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.