மந்தர ஒலியின் வன்னிப் பயணம்: மத்தளத்திலிருந்து பேஸ் பெடல் வரை

வன்னியின் கலை வரலாறு பேசப்படும்போது கூத்து முதலிடம் பெறுகிறது. அடுத்துப் பாட்டும் பாடியவர்களும் வருகிறார்கள். பாட்டின் அடியில் நின்று அதைத் தாங்கும் மந்தர ஒலி பெரும்பாலும் பேச்சில் வருவதேயில்லை. கட்டடத்தைப் பார்ப்பவர் அத்திவாரத்தைப் பார்ப்பதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ இசைக்குழுவொன்றில் பேஸ் கிற்றார் வாசிக்கும் இளைஞர் ஒருவர் இன்று கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. பேஸ் கிற்றாரின் ஒலியைச் சிந்தசைசரின் ஒலியாக மாற்றித் தரும் காலடிப் பெட்டிகள், அதாவது பெடல்கள், பல விற்பனையாகின்றன. அவற்றில் எதை வாங்குவது? பார்வைக்கு இது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் இதற்குரிய பதில் வன்னியின் வரலாற்றில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ரவைப் பசையின் அறிவியல்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலையும் முள்ளியவளையையும் சூழ்ந்து வளர்ந்த கோவலன் கூத்து மரபில், ஆட்டத்தையும் பாட்டையும் கட்டி இழுத்துச் செல்வது மத்தளம். மத்தளத்துக்கும் மிருதங்கத்துக்கும் இரண்டு முகங்கள். வலந்தலை எடுப்பான ஒலியைத் தரும். தொப்பி எனப்படும் இடந்தலை மந்தர ஒலியைத் தரும். மிருதங்கக் கலைஞர்கள் கச்சேரிக்கு முன் ரவையைக் குழைத்துத் தொப்பியின் நடுவில் அப்புவார்கள். தோலின் பாரம் கூடினால் அதன் அதிர்வு மெதுவாகும். அதிர்வு மெதுவானால் சுருதி இறங்கும். இன்று பெடல்களில் ‘சப் ஒக்ரேவ்’ என்ற பெயரில் ஒரு குமிழ் இருக்கிறது. அது செய்வதும் ஒலியைக் கீழே இறக்கும் வேலைதான். வழி வேறு, நோக்கம் ஒன்று.

எனினும் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. மத்தளத்துக்கு மின்சாரம் தேவையில்லை. கூத்துக் களரியில் தரையிலிருந்தவரின் நெஞ்சிலேயே அது நேராகத் தட்டியது. பேஸ் கிற்றார் அப்படிப்பட்டதன்று. மின்சாரம் இல்லாதவிடத்து அது வெறும் மரமும் கம்பியும்.

குழாய் ஒலிபெருக்கி விழுங்கிய ஒலி

அமெரிக்காவில் லியோ பெண்டர் தமது ‘பிரிசிஷன் பேஸ்’ கிற்றாரை 1951இல் விற்பனைக்கு விட்டார். இலங்கைத் தமிழரிடையே மேலைத்தேயக் கிற்றார் இசையை வீடுதோறும் கொண்டு சென்றது பொப்பிசை. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் அதில் தவிர்க்கமுடியாத பெயர்கள். தமிழகத்தில் 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் அறிமுகமான இளையராஜா, தாளத்துக்குத் துணையாக மட்டும் நின்ற பேஸ் கிற்றாரைத் தனக்கென ஒரு மெட்டுடன் நடக்கும் குரலாக மாற்றினார். அவருடைய குழுவில் பேஸ் வாசித்த சசிதரனின் கைவண்ணத்தை இசையறிந்தோர் இன்றும் சிலாகிப்பர்.

இந்தப் பாடல்கள் வன்னிக்கு எவ்வாறு வந்தன? இலங்கை வானொலி மூலமும் கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி மூலமுமே வந்தன. அங்கேதான் சிக்கல். நான்கு தந்திப் பேஸ் கிற்றாரின் தடித்த தந்தி செக்கனுக்கு 41 தடவை அதிர்கிறது. அதாவது 41 ஹேர்ட்ஸ். மற்றைய தந்திகள் 55, 73, 98 ஹேர்ட்ஸ். குழாய் ஒலிபெருக்கியோ ஏறத்தாழ 300 ஹேர்ட்சுக்குக் கீழேயுள்ள ஒலிகளைச் சரிவர வெளியிடுவதில்லை. கையடக்க வானொலியின் சிறிய ஸ்பீக்கரும் அவ்வாறே. ஆகவே அடிப்படை ஒலி கேட்பவரின் காதை எட்டவேயில்லை.

அப்படியானால் மக்கள் பேஸைக் கேட்டது எப்படி? ஒரு தந்தி அதிரும்போது அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே பிறக்கின்றன. அந்த மேலதிர்வுகள் மட்டும் காதுக்கு வந்தாலும், இல்லாத அடிப்படை ஒலியை மூளை தானாகவே ஊகித்துக்கொள்ளும். எங்கள் தலைமுறையில் பலர் இளையராஜாவின் பேஸைக் காதால் கேட்டதைவிட மூளையால் கேட்டதே அதிகம் எனலாம். இந்த உண்மை பின்னர் பெடல் தெரிவின்போது உதவும்.

வேலையிழந்த பேஸ் கலைஞர்

1970இல் மினிமூக் சிந்தசைசர் வந்தது. 1972இல் மியூ-ற்ரோன் III என்ற பெட்டி வந்தது. தந்தியை எவ்வளவு பலமாக மீட்டுகிறோமோ அவ்வளவுக்கு ஒலியின் வாய் திறந்து மூடும் வடிகட்டி அது. 1977இல் பார்லமென்ற் குழு வெளியிட்ட இசைத்தட்டில் ‘பிளாஷ் லைற்’ என்ற பாடலின் பேஸ் பகுதியைக் கிற்றார்க் கலைஞர் வாசிக்கவில்லை. பேர்ணி வொரல் சிந்தசைசரில் வாசித்தார். அதன்பின் உலகெங்கும் பேஸ் கலைஞர்களின் இடத்தைக் கீபோட் கலைஞர்கள் எடுத்துக்கொள்ளலாயினர். தமிழ்த் திரையில் ‘புன்னகை மன்னன்’ (1986) கணினி இசையின் வரவைப் பறைசாற்றியது. ‘ரோஜா’ (1992) அந்த வரவை உறுதிசெய்தது.

பேஸ் சிந்த் பெடல் இந்தச் சூழலின் விளைவேயாகும். நியூயோர்க்கின் இலெக்ற்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘பேஸ் மைக்ரோ சிந்தசைசர்’ என்ற பெட்டியை வெளியிட்டது. கீபோட்டிடம் இழந்த வேலையைக் கிற்றார்க்காரர் தம் கையாலேயே மீட்டெடுக்க வழிசெய்த கருவி அது.

டைனமோ காலம்

உலகம் இவ்வாறு ஓடிக்கொண்டிருந்தபோது வன்னியில் நடந்தது வேறு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின் வடக்கின் பெரும்பகுதி தேசிய மின்வலையமைப்பிலிருந்து அறுந்தது. பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் அடங்கின. மக்கள் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலி கேட்டார்கள். செய்தி கேட்பதற்கென்று தொடங்கிய வழக்கம் பாட்டுக்கும் பயன்பட்டது. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தவர்கள் இந்தக் கைவித்தையையும் உடன் கொண்டு வந்தார்கள்.

துவிச்சக்கர வண்டி டைனமோ தருவது வழமையாக 6 வோல்ற், 3 வாற். வானொலி கேட்க அது போதும். மந்தர ஒலிக்குப் போதாது. 1933இல் பிளெச்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் நிறுவியது போல, மனிதக் காது தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமானது. நடுத்தர ஒலிக்குச் சமமாகக் கேட்கவேண்டுமானால் தாழ்ந்த ஒலிக்குப் பன்மடங்கு வலு வேண்டும். மேடைப் பேஸ் பெருக்கிகள் நூற்றுக்கணக்கான வாற் கேட்பது அதனாலேயே. ஆக, மின்சாரமற்ற ஊர் முதலில் இழக்கும் ஒலி மந்தர ஒலிதான். அக்காலத்தில் வன்னியில் பாடல்கள் பிறக்காமலில்லை. மின்பிறப்பாக்கியின் தயவில் ஒலிப்பதிவுகள் நடந்தன. 2017இல் காலமான எஸ்.ஜி. சாந்தன் போன்றோரின் குரல்கள் உலகத் தமிழரைச் சென்றடைந்தன. ஆயினும் அப்பாடல்களின் பேஸை முழுமையாகக் கேட்டவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் நல்ல ஸ்பீக்கர் வைத்திருந்தவர்களே.

2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்பாட்டின் பின் ஏ-9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. அந்த இடைவெளியில், 2005இல், லண்டனிலிருந்து ‘அருளர்’ என்ற இசைத்தொகுப்பு வெளிவந்தது. பாடியவர் எம்.ஐ.ஏ. எனப்படும் மாயா அருட்பிரகாசம். தொகுப்பின் பெயர் அவருடைய தந்தையாரின் பெயர். ஈரோஸ் அமைப்பின் நிறுவுநர்களில் ஒருவரும் ‘லங்கா ராணி’ நாவலின் ஆசிரியருமான அருளரின் (2019இல் காலமானார்) வாழ்க்கை, வவுனியாப் பகுதியின் கண்ணாடிப் பண்ணையோடு பிணைந்தது. மகள் அத்தொகுப்புக்கான பாடல்களை உருவாக்கத் தொடங்கியது றோலன்ட் எம்சி-505 என்ற ஒரேயொரு மேசைப் பெட்டியில். தாளமும் பேஸும் அதிலேயே பிறந்தன. வன்னியோடு தொடர்புள்ள ஒரு பெயரைச் சிந்தசைசரின் பேஸ் உலக நடன அரங்குகளுக்கு எடுத்துச் சென்ற அதே காலத்தில், கிளிநொச்சி வீடுகளுக்குத் தேசிய மின்சாரம் கிடையாது. வரலாறு இப்படியும் முரண்நகை செய்யும்.

மேடையில் இன்று

2009இல் போர் முடிந்தது. இழப்புகளைச் சொல்ல இக்கட்டுரை இடமன்று. மின்கம்பிகள் படிப்படியாக மீண்டன. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் திரும்பியது. திருவிழா மேடைகளும் மீண்டன. ஆனால் மேடைக்கு வந்தது பெரும்பாலும் சிக்கனமான குழு: ஒரு கீபோட், ஒரு றிதம் பாட், பாடகர்கள். பேஸைக் கீபோட் கலைஞரின் இடதுகை பார்த்துக்கொள்ளும். செலவு குறைவு, ஓர் ஆளின் சம்பளம் மிச்சம். அந்த ‘ஓர் ஆள்’ பேஸ் கலைஞர் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. அவர் மேடையில் நிலைக்க வேண்டுமானால், கீபோட் தரும் ஒலியையும் தரவேண்டும். கீபோட்டால் தரமுடியாத கை உயிர்ப்பையும் தரவேண்டும். பெடலின் பெறுமதி இதுதான்.

இனித் தெரிவுக்கு வருவோம். பெடல்கள் மூன்று வகை.

முதல்வகை, தந்தியின் உண்மையான சமிக்ஞையையே எடுத்து வெட்டி, வடிகட்டி, உருமாற்றுவது. மியூ-ற்ரோனும் பேஸ் மைக்ரோ சிந்தசைசரும் இவ்வகை. கையின் அழுத்தம் அப்படியே ஒலியில் தெரியும்; தாமதம் உணரப்படாது.

இரண்டாம் வகை, நீங்கள் வாசித்த சுரம் எதுவென்று கணித்து, அதன்படி புதிய ஒலியொன்றைத் தானே பிறப்பிப்பது. அக்காய் நிறுவனத்தின் ‘டீப் இம்பாக்ற்’, அதன் வாரிசான ஹங்கேரியின் ‘பியூச்சர் இம்பாக்ற்’ ஆகியன இவ்வகை. ஒலி கீபோட்டை ஒத்திருக்கும். ஆனால் ஒரு சுரத்தை அறிய அதன் ஒரு முழு அதிர்வாவது கடக்கவேண்டும். 41 ஹேர்ட்ஸ் தந்தியின் ஓர் அதிர்வுக்கு 24 மில்லிசெக்கன் செல்லும். ஐந்தாம் தந்தியின் 31 ஹேர்ட்ஸ் ஒலிக்கு 32 மில்லிசெக்கன். வேகமான குத்துப்பாட்டில் இந்தத் தாமதம் காலை வாரும். ஒரு நேரத்தில் ஒரு தந்தியை மட்டும் துப்புரவாக மீட்டும் பழக்கமும் வேண்டும்.

மூன்றாம் வகை, 2019இல் வந்த பொஸ் எஸ்வை-1 போன்றவை. அதில் 121 ஒலிகள் உண்டு. கிற்றாருக்கும் பேஸுக்கும் தனித்தனி ஆளி உண்டு. பல தந்திகளை ஒருங்கே மீட்டினாலும் தடுமாறாது. நுணுக்கமாகத் திருத்தும் வசதி குறைவு.

இணையக் காணொளிகளைப் பார்த்து இவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்வது தவறான தொடக்கம். முதலில் கேட்கவேண்டியது: எந்த ஸ்பீக்கரில் வாசிக்கப்போகிறீர்கள்? குழாய் ஒலிபெருக்கியோ சிறிய பெட்டியோ எனில் ‘சப் ஒக்ரேவ்’ குமிழை மறந்துவிடுங்கள். தடித்த தந்தியை அது 20.6 ஹேர்ட்சுக்கு இறக்கும். மனிதக் காதின் எல்லை அது. பெருக்கி சூடாவதைத் தவிரப் பயன் இல்லை. மாறாக, மேலதிர்வுகள் நிறைந்த சதுர அலை ஒலியைத் தரும் பெடலை எடுங்கள். முன்னர் சொன்ன மூளையின் ஊகம் மிகுதியைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது கேள்வி மின்சாரம். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். வயரிங் சரியில்லாத மேடையில் எழும் இரைச்சல் 50 அல்லது 100 ஹேர்ட்சில் இருக்கும். பேஸின் மெல்லிய தந்தி 98 ஹேர்ட்ஸ் என்பதை நினைவில் கொள்க. இரைச்சலும் இசையும் ஒரே இடத்தில் மோதும். வடிகட்டினால் இரண்டும் போய்விடும். ஆகவே பல பெடல்களை ஒரே மலிவான அடப்ரரில் தொடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் மின்பிரிப்புள்ள தனி வழங்கி வைப்பது நன்று.

புலம்பெயர் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் 120 வோல்ற். அங்கிருந்து பெடலை அனுப்பும்போது அதனுடன் வரும் அடப்ரரில் ‘100–240’ என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பாருங்கள். ‘120’ மட்டும் இருந்தால் கிளிநொச்சியில் செருகிய கணமே அது கருகிவிடக்கூடும். அன்பளிப்பு முதல் நாளே பழுதாவதில் யாருக்கு மகிழ்ச்சி?

விலையும் விளையாட்டன்று. 200 அமெரிக்க டொலர் பெறுமதியான ஒரு பெடல் 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 40,000 ரூபா. அதே ஆண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை அண்மித்தபோது அதே பெடல் 72,000 ரூபாவாயிற்று. சுங்க வரி வேறு. நாட்கூலிக் குடும்பமொன்றில் பிறந்த இளைஞருக்கு இது ஒரு தெரிவு அல்ல, ஒரு முதலீடு. வாங்கியபின் மாற்ற இயலாத முதலீடு.

ஆகவே என் பரிந்துரை இது. கைப்பழக்கம் உறுதிப்படாதவரும், ஒலியமைப்பு எளிய மேடைகளில் வாசிப்பவரும் முதல்வகையை எடுக்கட்டும். திரைப்பாடலை அச்சொட்டாகத் தரவேண்டிய, நல்ல ஒலியமைப்புள்ள குழுவினர் மூன்றாம் வகையை எடுக்கட்டும். இரண்டாம் வகை, பயிற்சி மிக்கவருக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் உரியது.

தொப்பியில் எவ்வளவு ரவை அப்புவது என்பதை மிருதங்கக்காரர் அன்றைய சுருதியையும் தோலையும் பார்த்தே முடிவுசெய்வார். பக்கத்து ஊரில் அப்பிய அளவைக் கேட்டு அல்ல. பெடல் வாங்கப் புறப்படுபவருக்கும் அதுவே முறை.