கையொப்பம் முதல் மின்னூல் வரை

ஒருமுறை எழுதிய நூல், எழுதியவர் ஓய்ந்திருக்கும் காலத்தும் பொருள் ஈட்டித் தரவேண்டும் என்னும் அவா இணையக் காலத்தில் பிறந்ததன்று. அச்சுநூல் பரவிய நாள்தொட்டே அது தமிழ் ஆசிரியர்களிடம் இருந்து வந்துள்ளது.

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், நூலை வாங்குவதாக முன்னரே கையொப்பமிட்டோரின் துணையை நாடினார். முதலில் வாசகர், பின்னரே நூல் என்பது அம்முறை.

1908இல் ‘ஸ்வதேச கீதங்க’ளைத் தாமே வெளியிட்ட பாரதியார், 1920இல் கடையத்திலிருந்து பெருந்திட்டம் ஒன்று வகுத்தார். தம் படைப்புகளை 40 நூல்களாக அச்சிட அன்பர்களிடம் கடன் வேண்டினார். வட்டியுடன் திருப்பித் தருவதாகவும் உறுதியளித்தார். வேண்டிய முதல் திரளவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். அவருடைய நூல்களின் உரிமை கைமாறிச் சென்று, 1949இல் சென்னை மாகாண அரசை அடைந்தது. பாட்டு நாடெங்கும் ஒலித்தது. அதன் பொருட்பயன் பாடியவரைச் சேரவில்லை.

பாரதியாரைத் தடுத்த முதல் என்னும் சுவரை இணையம் தகர்த்தது. 2007இல் அமேசான் நிறுவனம் கிண்டில் கருவியுடன், ஆசிரியரே மின்னூல் வெளியிடும் வசதியையும் தொடங்கியது. தொடக்கத்தில் 35 விழுக்காடாக இருந்த உரிமைத்தொகை, 2010 முதல் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 70 விழுக்காடாகவும் கிடைத்தது. 2016 டிசம்பரில் தமிழ் மின்னூல்களுக்கும் அங்கு இடம் அமைந்தது. தாளும் கிடங்கும் இன்றி நூல் வெளியிடும் நிலை வாய்த்தது. ஆயினும் இந்திய விற்பனையில் உயர்ந்த விகிதம் பெற, அம்மின்னூலை வேறெங்கும் விற்பதில்லை என ஒப்பவேண்டும் என்பதும் நிபந்தனையாயிற்று. கையொப்பமிடும் முன் பாவலர் இதனைக் கருதுதல் நன்று.

‘உழைக்காமல் வரும் வருவாய்’ என்பது விளம்பர மொழி. அது முன்னர் உழைத்த உழைப்பின் பின்விளைவே. அவ்விளைவு நிலைக்க இரண்டு வேண்டும். ஒன்று, உரிமையை எழுதியவரே காத்தல். ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் அவ்வுரிமை நிற்கும் என்கிறது இந்தியச் சட்டம். மற்றொன்று, வாசகர். இணையம் முதலின் தேவையைக் குறைத்ததேயன்றிக் கையொப்பக்காரரைத் தேடித் தரவில்லை.

பத்தாண்டு கண்ட நம் வட்டம் அப்பணியை ஏற்கலாம். ஓர் உறுப்பினரின் நூலைப் பிறர் முன்கூட்டியே படித்துப் பிழை களைந்து, விலை கொடுத்து வாங்கி, மதிப்புரை எழுதுவாராயின், சாமிநாதையர்க்கு வாய்த்த துணை நம் பாவலர்க்கும் வாய்க்கும்.