குடும்பன் என்கிற பேர்

போன வருஷம் ஐப்பசியில், அடைமழை ராத்திரி ஒன்றில், அண்ணன் மகன் வெளிநாட்டிலிருந்து போன் பேசினான். அவனுக்குப் பெண்பிள்ளை பிறந்து பதினோரு நாள்.

“சின்னையா, பிள்ளைக்குப் பேர் பதியணும். குடும்பப் பேருன்னு ஒரு கட்டம் போட்டிருக்கான். அத நெரப்பாம விடமாட்டேங்கான். நமக்கு அப்படி ஒண்ணு கெடையாதுன்னா நம்பவும் மாட்டேங்கான். தாத்தாவ ‘குடும்பன்’னுதான சொல்லுவாவ? அதப் போட்டுரட்டுமா?”

அதோடு விடவில்லை. சின்னக் குப்பியில் எச்சில் துப்பி ஒரு கம்பெனிக்கு அனுப்பியிருந்தானாம். நம் ரத்தம் எங்கிருந்து புறப்பட்டது என்று அவர்கள் சொல்லிவிடுவார்களாம். “அது வந்துட்டா நம்ம யாருன்னு தெரிஞ்சுரும் சின்னையா” என்றான்.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். ராஜராஜனுடைய பட்டங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்க அய்யாவின் பட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல எனக்கு நாலு நாள் தேவைப்பட்டது. அந்த நாலு நாளில் யோசித்ததை இங்கே எழுதுகிறேன். இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் பேருக்குப் பின்னால் வால் கிடையாது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. நல்ல தீர்மானம். அதனால் இன்றைக்கு எல்லோர் பேருக்கும் முன்னால் ஓர் எழுத்து நிற்கிறது, பின்னால் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும் தோழர்களே. பட்டத்தை விட்டவர்களுக்கு விடுவதற்கு ஒரு மரியாதை இருந்தது. நமக்கு என்ன இருந்தது? ஊருக்குள் எங்க அய்யாவை யாரும் குடும்பன் என்று கூப்பிட்டதில்லை. சாதிப் பேரோடு ஒரு ‘லே’ சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். பத்து வயசுப் பையனும் அப்படித்தான் கூப்பிட்டான். எங்கள் தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் அவர் குடும்பன். ஒரே ஆள், ஒரே நாள், தெருமுனையில் பேர் மாறும்.

அந்தப் பேர் எதற்காக வந்தது என்பதைத் தண்ணீரிலிருந்துதான் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் தென்காசிக்குக் கிழக்கே, சிற்றாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. ஆனி பிறந்து மேற்கே மலையில் மேகம் கவிந்தால், குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு அது சீசன். எங்களுக்கு அது குளத்துக்கு வரப்போகிற தண்ணி. அருவியில் விழுந்த தண்ணீர் சிற்றாறாக ஓடி, அணைக்கட்டுகளில் தடுக்கப்பட்டு, கால்வாய் வழியே குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகும். எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேர்ந்ததா, ராத்திரி மறுகால் பாய்ந்தால் கரை தாங்குமா, இதெல்லாம் பார்க்கிற வேலை எங்க அய்யாவுடையது. நெஞ்சளவுத் தண்ணிக்குள் முங்கி மடைப்பலகையைத் தூக்குவார். அறுப்பு முடிந்து களத்தில் நெல் அளக்கும்போது அவருக்குக் கூலியாக ஒரு பங்கு விழும். அந்த வயக்காட்டில் ஒரு மரக்கால் விதைப்பாடுகூட எங்கள் பேரில் கிடையாது. ஊர்த் தண்ணி முழுவதும் அவர் கையில். நிலம் முழுவதும் வேறு கையில்.

தெருவுக்குள் குடும்பனுக்கு இன்னொரு வேலை. கல்யாணம், சாவு, புருஷன் பொஞ்சாதி சண்டை எதுவானாலும் அவர் முன்னால்தான் பேசுவார்கள். 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளில் இது பதிவாகியிருக்கிறது. மதுரைப் பக்கம் பள்ளர்களின் தலைவருக்குக் குடும்பன் என்று பேர், அவருக்குத் துணை காலாடி, சேதி சொல்ல வாரியன் என்று எழுதியிருக்கிறார். ஆக, இது முதலில் ஒரு பொறுப்பின் பேர். பொறுப்பு ஒரு வீட்டில் தங்கியது. வீடு கிளைத்தது. பேர் எல்லோருக்கும் ஆனது. கணக்குப்பிள்ளை வேலை பார்க்காதவரும் கணக்குப்பிள்ளை வீட்டுக்காரர் ஆனதுபோலத்தான்.

சொல்லின் வேரைத் தேடிப் போனால் பல வழி பிரிகிறது. ஊரின் ஒரு பிரிவுக்குக் ‘குடும்பு’ என்று பேர் இருந்தது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் முப்பது குடும்புகள் வருகின்றன. அதைக் காட்டி, நாமும் அந்தச் சபையில் உட்கார்ந்தவர்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அது பிராமணர்களின் சபை. ஒரு சொல் ஒத்துப்போவதால் வம்சம் ஒத்துப்போகாது. பள்ளத்து வயலில் வேலை செய்ததால் பள்ளர் என்பது ஒரு விளக்கம். மள்ளர் என்ற சங்கச் சொல்லோடு சேர்த்து வீரரும் உழவரும் நாமே என்பது இன்னொன்று. தொல்காப்பியம் மருத நிலத்துக்கு வேந்தனைத் தெய்வமாகச் சொல்கிறது, அவன் இந்திரன், ஆகவே நாம் தேவேந்திரகுலம் என்பது மற்றொன்று. இவற்றைத் தேடிய நம் பெரியவர்களை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். இழிவாகக் கூப்பிடப்பட்ட மனுஷன் தனக்கு ஒரு நல்ல பேர் தேடுவது நியாயம். ஆனால் ராஜாவாக இருந்திருந்தால்தான் மரியாதைக்குத் தகுதி என்று ஒத்துக்கொண்டுவிடக் கூடாது. மடை திறந்தவனுக்கு மரியாதை இல்லையா?

சிற்றாறு போய்ச் சேருகிற இடத்தில் நமக்கு ஒரு சாட்சி இருக்கிறது. குற்றாலத் தண்ணீர் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்தக் கூடல்தான் பழைய முக்கூடல். முக்கூடற்பள்ளு பிறந்த இடம். தமிழ் வகுப்பில் அதை நயம் சொல்லி நடத்துவார்கள். நெல் வகை, மாட்டு வகை, ஏர்க்கருவிகள் என்று பட்டியல் போடச் சொல்லி மார்க் கொடுப்பார்கள். அதன் கதாநாயகன் ஒரு குடும்பன். இத்தனை விதை நெல்லும் பேர் சொல்லித் தெரிந்த அந்தக் குடும்பனைப் பண்ணைக்காரன் என்ன செய்கிறான்? காலைத் தொழுமரத்தில் மாட்டிப் போடுகிறான். மூத்தவள் போய்க் கெஞ்சின பிறகுதான் விடுகிறான். புலவர் இதை நகைச்சுவையாகப் பாடியிருக்கிறார், படிக்கிறவர்களும் சிரித்துக்கொண்டே படித்தார்கள். முதல்முதலாக அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பட்டம் ஏட்டில் ஏறிய இடத்திலேயே காலில் கட்டையும் ஏறியிருக்கிறது.

அது வெறும் பாட்டு இல்லை. அடிமை மேல் உரிமை கொண்டாடி வழக்குப் போட்டால் கோர்ட்டு ஏற்காது என்று கம்பெனி அரசு சட்டம் போட்டது 1843இல்தான். தென்காசியை அடுத்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்தது. அந்தச் சீமையில் அடிமைமுறை ஒழிப்பு அறிவிப்பு வந்தது 1855இல். எங்க அய்யாவின் தாத்தாவுக்குத் தாத்தா இந்த இரண்டு வருஷத்துக்கும் முந்தியவராகத்தான் இருக்க வேண்டும்.

பேரை மாற்றிப் பார்த்தவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பண்பொழிக்குப் பக்கம் மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரி 19இல் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இஸ்லாத்தில் சேர்ந்தன. டெல்லி வரைக்கும் கூச்சல் எழுந்தது. அவர்கள் ஏன் போனார்கள் என்று ஆயிரம் பேர் ஆராய்ந்தார்கள். ‘லே’ என்று கூப்பிட்ட வாய் ‘பாய்’ என்று கூப்பிடும் என்பதும் ஒரு காரணம் என்று எங்கள் பக்கத்துச் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேர் வைத்தபோது, அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கலவரம் பண்ணினார்கள். அந்த வருஷமே அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பேரை எடுத்துவிட்டது. நம் பேர் ஒன்று பஸ்ஸில் ஏறினதற்காக எல்லாப் பேரும் இறங்கின. 2021இல் நாடாளுமன்றம், குடும்பன், பள்ளன், காலாடி, பண்ணாடி உள்ளிட்ட ஏழு பேர்களைச் சேர்த்து தேவேந்திரகுல வேளாளர் என்று ஒரே பேராக்கிச் சட்டம் செய்தது. ‘வேளாளர்’ எங்களுடையது என்று அப்போதும் சிலர் கொடி பிடித்தார்கள். உழுகிறவன் உழுகிறவன் என்று சொல்லிக்கொள்ளவும் அனுமதி வேண்டும்!

இனி எச்சில் குப்பிக்கு வருகிறேன். பேஷ்வாக்கள் காலத்துப் புனேயில் தீண்டப்படாதவர் எச்சில் தரையில் விழக்கூடாதென்று கழுத்தில் கலயம் கட்டித் தொங்கவிட வைத்ததை அம்பேத்கர் 1936இல் எழுதினார். இன்றைக்கு அதே எச்சிலைக் குப்பியில் பத்திரமாக வாங்கிக்கொள்கிறார்கள், அதுவும் நம் காசுக்கு. சந்தோஷம்தான். ஆனால் அது என்ன சொல்லும்?

நூறு வருஷத்துக்கு முன்னால் மூக்கை அளந்தார்கள். மூக்கு அகலமாக இருந்தால் சாதியில் கீழே என்று ரிஸ்லி கணக்குச் சொன்னார். அதே மூக்களவுகளை எடுத்துவைத்து, பிராமணரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்பதற்கு ஆதாரமில்லை என்று அம்பேத்கர் 1948இல் காட்டினார். அதற்கும் முன்னால், 1916இல் கொலம்பியாவில் படித்த கட்டுரையிலேயே, சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது, அது கதவடைத்துக்கொண்ட வர்க்கம் என்று சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு 25 வயசு.

மரபணு ஆராய்ச்சி பிறகு வந்து அதே கதவைத் தட்டியது. 2009இல் ஹைதராபாத் சிசிஎம்பி விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து 25 சமூகங்களைப் பார்த்தார்கள். இந்திய நிலப்பரப்பில் ஏறக்குறைய எல்லோரும் இரண்டு பழைய மூதாதைக் கூட்டங்களின் கலப்பு, அளவுதான் கூடக்குறைய என்றார்கள். 2013இல் 73 சமூகங்களைப் பார்த்தபோது, அந்தக் கலப்பு சுமார் 4,200 முதல் 1,900 வருஷங்களுக்கு முன்னால் நடந்தது, பிறகு கல்யாணக் கதவு அடைபட்டது என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களை வைத்து 2012இல் வெளியான ஆய்வு, பிரிவினை இன்னும் பழையது, வர்ணத்துக்கும் முந்தியது என்கிறது. காலத்தில் கருத்து வேறுபாடு உண்டு. கதவு ரொம்ப நாளாக மூடிக் கிடக்கிறது என்பதில் இல்லை. எவன் உயர்ந்தவன் என்பதற்கு அந்த ரத்தத்தில் எழுத்தே கிடையாது. யார் யாரை வீட்டுக்குள் விடவில்லை என்பது மட்டும் எழுதியிருக்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அப்பனிடமிருந்து மகனுக்குப் போகிற ஒரு நூல், நம் இனிஷியல் போல, ஆண்வழி மட்டும் வருகிறது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருத்தருக்கு மூதாதைகள் 1,024 இடம். அத்தை மகள், மாமன் மகள் என்று கட்டியதால் ஆட்கள் குறைவாக இருக்கலாம், இடம் அவ்வளவுதான். அதில் குடும்பன் பட்டம் காட்டுவது ஒரே ஒரு இடத்தை. மிச்சம் 1,023 பேர்? அதில் ஏறக்குறைய பாதி பொம்பளைகள். முக்கூடற்பள்ளிலும் பாருங்கள், குடும்பனுக்குப் பட்டம் உண்டு. பெண்டாட்டிகள் இரண்டு பேரும் மூத்த பள்ளி, இளைய பள்ளி. அவ்வளவுதான். தொழுமரத்திலிருந்து அவனை மீட்டவளுக்குப் பேர் இல்லை.

எங்க அம்மாவுக்கும் எந்தக் காகிதத்திலும் தனிப்பேர் இல்லை. ரேஷன் கார்டில் ‘மனைவி’. அய்யா திறந்த தண்ணியில் ஐம்பது வருஷம் நாற்று நட்டவள் அவள். நகம் கறுத்து, குதிகால் வெடித்து, குனிந்தே கூன் விழுந்தது. பிள்ளைகளை வயக்காட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று பண்ணை வாசலில் நின்று சொன்னவள் அவள்தான், அய்யா இல்லை. அந்த ஒரு வார்த்தையால்தான் நான் வாத்தியார் ஆனேன், அவன் வெளிநாடு போனான்.

நாலாம் நாள் அவனுக்குப் போன் போட்டேன். “குடும்பன்னு போடுறதுல எனக்கு வெக்கமும் கெடையாது, பெருமையும் கெடையாது. அது ராஜா பேரு இல்ல, வேலைக்காரன் பேரு. போட்டா, மடைய கையில வச்சிருந்தவனுக்கு ஏன் வயல் இல்லைன்னு பிள்ளை கேக்கும்போது நீ பதில் சொல்லணும். அதுக்குத் தயார்னா போடு” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். ரத்தக் கணக்கு வந்துவிட்டதாம், ‘தென்னிந்தியா, இலங்கை’ என்று போட்டிருந்ததாம். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஒரு வாரம் கழித்துப் பிறப்புச் சான்றிதழை அனுப்பினான். குடும்பப் பேர்க் கட்டத்தில் எங்க அம்மா பேர் இருந்தது. அச்சடித்த ஒரு சர்க்கார் காகிதத்தில் அந்தப் பேரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.