ஆசைக்கு எடுத்த படம் யாருடைய படம்?

“தம்பி, நீர் ஆசைக்குத்தானே எடுத்தனீர்? அதுக்கேன் காசு?”

கமரா வைத்திருக்கும் எங்கட நண்பர்கள் பலருக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. நல்லூர்த் தேரையோ, நெடுந்தீவுக் குதிரையையோ, எல்லப் பாலத்தையோ விடிய எழும்பிப் போய் எடுத்து முகநூலில் போட்டிருப்பார்கள். கொஞ்ச நாளில் அதே படம் ஒரு விடுதியின் பக்கத்திலோ, நகைக்கடைக் கலண்டரிலோ, பயண முகவர் ஒருவரின் பதாகையிலோ வந்து நிற்கும். மூலையில் போட்டிருந்த பெயர் வெட்டப்பட்டிருக்கும். போய்க் கேட்டால் வியாபாரிக்குத்தான் ஆச்சரியம். “உமக்கும் விளம்பரம்தானே” என்பார்.

இந்தப் பதிலுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. தொழிலாகச் செய்பவரின் உழைப்புக்கு விலை உண்டு, ஆசைக்குச் செய்பவரின் உழைப்பு சும்மா கிடைப்பது என்ற நம்பிக்கை. இது இணையத்தோடு வந்த பழக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இந்தச் சண்டைக்கு 160 வயதுக்கு மேல். அதன் ஒரு முனை எங்கட மலைநாட்டில், பொகவந்தலாவைத் தேவாலயமொன்றின் கல்லறையில் இருக்கிறது.

கோழிக்கூட்டில் ஒரு ஸ்ரூடியோ

கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவைப் பாடமாக்காமல் வரலாற்றுப் பாடத்தைக் கடந்தவர்கள் எங்களில் குறைவு. அந்தக் கமரன்தான் சாள்ஸ் ஹே கமரன். 1830களின் தொடக்கத்தில் இங்கு வந்து நீதி நிர்வாகத்தை மாற்றியமைக்கப் பரிந்துரைத்தவர். பின்னாளில் இலங்கையில் கோப்பித் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர். அவருடைய மனைவியின் பெயர் எங்கட பாடப்புத்தகத்தில் இல்லை. ஜூலியா மாகிரற் கமரன், 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். புகைப்படக் கலையின் வரலாறு எழுதும் எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

1863 டிசம்பரில், இங்கிலாந்தின் வைற் தீவில் இருந்தபோது, மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். தனிமைக்கு ஒரு பொழுதுபோக்காக இருக்கட்டும் என்பதுதான் எண்ணம். அப்போது அவருக்கு 48 வயது. நிலக்கரி போடும் அறை அவருடைய இருட்டறையானது. கோழிக்கூடு கண்ணாடி ஸ்ரூடியோவானது. கோழிகளைத் திறந்து விட்டுவிட்டு அந்த இடத்தில் ரெனிசனையும் இன்னும் பல கவிஞர்களையும் அறிஞர்களையும் இருத்திப் படம் எடுத்தார். டார்வினும் அவருடைய கமராவுக்கு முன்னால் இருந்திருக்கிறார்.

தொழில்முறைப் படப்பிடிப்பாளர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. படம் தெளிவில்லை, தட்டில் கறை, நுட்பம் தெரியாத ஆள் என்று அக்காலப் புகைப்படச் சஞ்சிகைகள் குறை சொல்லின. இன்றைய மொழியில் சொன்னால் ‘சும்மா பொழுதுபோக்குக்கு எடுக்கிற ஆள்’.

ஆனால் அந்தப் பொழுதுபோக்குக்காரி ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார். 1862இல் பிரித்தானியப் பாராளுமன்றம் நுண்கலைப் பதிப்புரிமைச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. ஓவியம், வரைபு ஆகியவற்றோடு புகைப்படமும் முதன்முறையாக அந்த நாட்டின் பதிப்புரிமைக்குள் வந்தது அப்போதுதான். கமரா என்பது ஒரு இயந்திரம், இயந்திரம் செய்ததற்கு ஆசிரியர் யார் என்ற கேள்வி அன்றும் இருந்தது. அதையும் மீறி, எடுத்தவர்தான் ஆசிரியர் என்று அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது. தொழிலாக எடுத்தாரா, ஆசைக்கு எடுத்தாரா என்று அது கேட்கவில்லை.

கேட்டது ஒன்றைத்தான்: பதிவு. இலண்டனிலிருந்த ஸ்ரேசனர்ஸ் ஹோலில் ஒரு சிலிங் கட்டிப் படத்தைப் பதிய வேண்டும். பதியாத படத்தை யார் திருடினாலும் வழக்குப் போட முடியாது. கமரன் அம்மையார் 1864 முதல் 1875 வரை 500க்கும் மேற்பட்ட படங்களைப் பதிந்தார். படம் ஒட்டிய அட்டைகள் பலவற்றில் தன் கையெழுத்தோடு, இது பதிவு செய்யப்பட்டது, பதிப்புரிமை உள்ளது என்றும் எழுதி வைத்தார்.

ஏன் இவ்வளவு கவனம்? அது பிரபலங்களின் சிறு அட்டைப் படங்கள் கடை கடையாக விற்ற காலம். ஒருவர் எடுத்த படத்தை இன்னொருவர் திரும்பப் படம் பிடித்து மலிவாக விற்பது சாதாரணம். கவிஞர் ரெனிசனின் முகத்துக்குச் சந்தையில் விலை இருந்தது. அந்த விலை யாருக்குப் போக வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கொல்நாகி என்ற இலண்டன் வணிகர் ஊடாகத் தன் படங்களை அவர் விற்கவும் செய்தார். கோப்பித் தோட்ட வருமானத்தை நம்பியிருந்த குடும்பத்துக்குக் காசு தேவையாகவும் இருந்தது.

ஆசைக்குச் செய்வதும், செய்ததன் மேல் உரிமை கோருவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதற்கு இதைவிடப் பழைய, தெளிவான உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

கண்ணாடிக்கு முன்னால் இருந்தவர்கள்

1875இல் கமரன் தம்பதியர் இலங்கைக்கு வந்தார்கள். கோப்பியைக் கருகவைத்த இலைநோய் 1869இலேயே இங்கு தென்பட்டிருந்தது. 1879 ஜனவரியில் ஜூலியா இங்கேயே இறந்தார். அடுத்த ஆண்டு கணவரும் இறந்தார். இருவரும் பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

இங்கே அவர் எடுத்தவற்றில் ஏறக்குறைய 30 படங்கள்தான் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் தலைப்பு ‘களுத்துறை விவசாயிகள் குழு’ என்ற பொருளில் இருக்கிறது. விவசாயிகளின் பெயர்கள் இல்லை. இங்கிலாந்தில் அவருடைய வீட்டு வேலைக்காரப் பெண் பல படங்களில் மரியாளாக நின்றார். அவருடைய பெயர் மேரி ஹிலியர் என்று இன்று எல்லோருக்கும் தெரியும். எங்கட ஆட்களின் முகங்கள் மட்டும் ஊர்ப் பெயரோடும் இனப் பெயரோடும் நின்றுவிட்டன.

இந்த இடத்தில் ஒரு விசயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு படத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். கமராவுக்குப் பின்னால் ஒருவர், முன்னால் ஒருவர். பதிப்புரிமைச் சட்டம் பின்னால் நின்றவரைப் பார்த்தது. முன்னால் நின்றவரைப் பார்ப்பதற்கு அதற்கு அவசரம் இருக்கவில்லை.

இங்கிலாந்திலேகூட முன்னால் இருந்தவர் காசு கொடுத்திருந்தால்தான் வாய் திறக்க முடிந்தது. 1888இல் ஒரு பெண், தான் காசு கொடுத்து எடுப்பித்த படத்தைக் கடைக்காரர் நத்தார் வாழ்த்து அட்டையாக்கிக் கடையின் கண்ணாடியில் வைத்ததற்கு எதிராக வழக்குப் போட்டு வென்றார். கடைக்காரர் ஒப்பந்தத்தையும் நம்பிக்கையையும் மீறினார் என்றது நீதிமன்றம். தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண்ணோ காசு கொடுத்துப் படம் எடுப்பிக்கவில்லை. ஆகவே மீறப்படுவதற்கு ஒப்பந்தமும் இல்லை. கொழும்புக் கம்பனிகள் பின்னாளில் அச்சடித்து உலகம் முழுக்க அனுப்பிய தபாலட்டைகளில் ‘தமிழ்ப் பெண்’, ‘தமிழ்க் கூலி’ என்று மட்டும் போட்டார்கள்.

நெகட்டிவ் யாருக்குச் சொந்தம்?

1911இல் பிரித்தானியா புதிய பதிப்புரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அது இலங்கைக்கும் வந்தது. பதிவு தேவையில்லை என்பது அதிலிருந்த பெரிய மாற்றம். பதிவு போன்ற சடங்குகள் இல்லாமலே உரிமை பிறக்க வேண்டும் என்று 1908இல் பேர்ளினில் கூடிய நாடுகள் பேர்ன் உடன்படிக்கையைத் திருத்தியதன் விளைவு அது.

ஆனால் புகைப்படத்துக்கு மட்டும் ஒரு விசித்திரமான விதி இருந்தது. படம் எடுக்கப்பட்ட நேரத்தில் நெகட்டிவ் யாருக்குச் சொந்தமோ அவர்தான் ஆசிரியர். உரிமையின் ஆயுளும் ஆசிரியரின் வாழ்நாளோடு சேரவில்லை. நெகட்டிவ் உருவான நாளிலிருந்து 50 ஆண்டுகள். யாராவது காசு கொடுத்து எடுப்பித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை எடுப்பித்தவருக்கு.

இந்த விதி ஆசைக்கு எடுப்பவருக்குச் சாதகமானது. தன் கமரா, தன் பிலிம், ஆகவே தன் படம். அடிபட்டது ஸ்ரூடியோக்களில் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். நெகட்டிவ் முதலாளியுடையது, ஆகவே சட்டத்தின் கண்ணில் ஆசிரியரும் முதலாளிதான். எங்கட வீடுகளில் இருக்கும் பழைய கல்யாணப் படங்களைத் திருப்பிப் பாருங்கள். ஸ்ரூடியோவின் முத்திரை இருக்கும், எடுத்தவரின் பெயர் இருக்காது. அந்தப் பழக்கத்துக்குச் சட்டத்தின் ஆதரவும் இருந்தது.

‘நோக்கம் எதுவாயினும்’

இன்று எங்கட நாட்டில் நடைமுறையில் இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன் 6ஆம் பிரிவு பாதுகாக்கப்படும் படைப்புகளில் புகைப்படத்தையும் சேர்க்கிறது. அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: படைப்பு உருவாக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தாலேயே அது பாதுகாக்கப்படும்; அதன் வடிவம், உள்ளடக்கம், தரம், நோக்கம் எதுவாக இருந்தாலும்.

தரம், நோக்கம் என்ற இரண்டு சொற்களும் முக்கியம். கைபேசியில் எடுத்ததா, விலையுயர்ந்த கமராவில் எடுத்ததா என்பது கேள்வியல்ல. காசுக்கு எடுத்தீர்களா, ஆசைக்கு எடுத்தீர்களா என்பதும் கேள்வியல்ல. படம் பிறந்த கணத்தில் உரிமையும் பிறக்கிறது. ஸ்ரேசனர்ஸ் ஹோலும் இல்லை, சிலிங்கும் இல்லை. அந்த உரிமை எடுத்தவரின் வாழ்நாளுக்கும் அதன் பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். பிரதி செய்வதும் பொதுவில் காட்டுவதும் அவருடைய பொருளாதார உரிமைகளில் அடங்கும். தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்பது அவருடைய தார்மீக உரிமை. அதாவது மூலையிலிருந்த பெயரை வெட்டியது தனியாக ஒரு மீறல். வேண்டுமென்றே மீறுபவருக்கு நீதவான் நீதிமன்றத்தில் 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ, 6 மாதச் சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

“பொதுவில் போட்டால் பொதுச் சொத்துத்தானே” என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்தின்போது அந்நாட்டுப் படப்பிடிப்பாளர் டானியல் மொரேல் தன் படங்களை ருவிற்றரில் பகிர்ந்தார். ஏஎப்பி செய்தி நிறுவனமும் கெற்றி இமேஜஸும் அவற்றை அனுமதியின்றி விநியோகித்தன. ருவிற்றரின் நிபந்தனைகள் மற்றவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுக்கவில்லை என்று நியூயோர்க் நீதிமன்றம் 2013இல் சொன்னது. அதே ஆண்டு யூரிமார் அவருக்கு 12 இலட்சம் டொலர் வழங்கத் தீர்ப்பளித்தார்கள். அவர் தொழில்முறையாளர், நாடும் வேறு, சட்டமும் வேறு. ஆனால் தர்க்கம் எங்களுக்கும் பொருந்தும். பார்க்கக் காட்டுவதும் விற்கக் கொடுப்பதும் ஒன்றல்ல.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் கடைக்காரர் சிரிக்கிறார்? சட்டத்துக்கும் எங்களுக்கும் இடையிலுள்ள தூரம் அவருக்குத் தெரியும். சிவில் வழக்கென்றால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம் வரை போக வேண்டும். ஒரு கலண்டர்ப் படத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ சட்டத்தரணிக்குக் காசு கட்டி யார் போவார்? போதாததற்கு ஊரில் எல்லோரும் தெரிந்தவர்கள். “அண்ணையிட கடைதானே, விடு” என்று வீட்டிலேயே சொல்வார்கள். உரிமை இருப்பதும் அதைக் கேட்க முடிவதும் வேறு வேறு. கமரன் அம்மையாரிடம் இரண்டும் இருந்தன. எங்களில் பலரிடம் முதலாவது மட்டுமே இருக்கிறது.

எங்கட பக்கத்துக் கடன்

இன்னொரு வழக்கையும் சொல்லாமல் விட முடியாது. 2007இல் வேர்ஜின் மொபைல் ஆவுஸ்திரேலியா, ஃபிளிக்கர் தளத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு பெரிய விளம்பரங்கள் செய்தது. அதில் ஒன்று அமெரிக்காவின் ரெக்சாஸில், தேவாலயமொன்று நடத்திய கார் கழுவும் நிகழ்வில், தெரிந்தவர் ஒருவர் எடுத்த பதின்ம வயதுப் பெண்ணின் படம். பேருந்து நிறுத்தங்களில் அவளைக் கேலி செய்யும் வாசகத்தோடு அது தொங்கியது. எடுத்தவர் அந்தப் படத்தைக் கிரியேற்றிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ், வணிகத் தேவைக்கும் பயன்படுத்தலாம் என்ற வகையில் ஏற்றியிருந்தார். ஆகவே கம்பனி காசு கொடுக்கத் தேவைப்படவில்லை. அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவும் இல்லை. குடும்பம் வழக்குப் போட்டது. ஆவுஸ்திரேலியக் கம்பனி மீது தனக்கு நியாயாதிக்கம் இல்லை என்று கூறி ரெக்சாஸ் நீதிமன்றம் 2009இல் அதைத் தள்ளுபடி செய்தது.

எடுத்தவர் தாராள மனதோடு கொடுத்தார். ஆனால் அவர் கொடுத்தது தன்னுடைய உரிமையை மட்டும்தான். முன்னால் நின்றவளின் சம்மதம் அவரிடம் இருக்கவில்லை. எங்கட புலமைச் சொத்துச் சட்டத்தின் பதிப்புரிமைப் பகுதியும் எடுத்தவரைப் பற்றித்தான் பேசுகிறது. லிந்துலையில் கொழுந்துக் கூடையோடு நிற்கும் அம்மாவைப் படம் எடுத்து, அதை ஒருவர் தேயிலைப் பொதியில் போட்டுவிட்டார் என்று நாங்கள் கோபப்படும்போது, அந்த அம்மாவிடம் நாங்கள் பெயராவது கேட்டோமா என்ற கேள்வி காத்துக்கொண்டிருக்கிறது. தபாலட்டைக் கம்பனிகளிடம் நாங்கள் வைக்கும் குற்றச்சாட்டு எங்கட கமராவுக்கும் பொருந்தக் கூடாது.

ஆகவே செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். எடுத்த நாளும் பெரிய அளவும் உங்களிடம்தான் இருக்கும் என்பதே முதல் சாட்சி. படம் திருடப்பட்டதைக் கண்டால் திரைப்பிடிப்பு எடுத்த பிறகு பேசுங்கள். வாய்ப் பேச்சோடு நிறுத்தாமல், எந்தப் படம், எங்கே பயன்பட்டது, என்ன கேட்கிறீர்கள் என்று ஒரு கடிதம் எழுதுங்கள். கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள், எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்று எழுத்தில் கொடுங்கள். தனி ஆளாகக் கேட்க முடியாததை நாலு பேர் சேர்ந்து கேட்கலாம். அண்ணையிட கடையோ, பெரிய கம்பனியோ, கேட்பவர்கள் கூடினால் அவருடைய சிரிப்புக் குறையும்.

அடுத்த முறை ஆளொருவரைப் படம் எடுக்கும்போது பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படத்தை எங்கே போடப் போகிறோம் என்பதையும் சொல்லுங்கள். களுத்துறையில் 1870களில் அதை யாரும் செய்யவில்லை. எங்களுக்கு அதற்கு ஒரு நிமிசம்தான் செலவாகும்.